அம்பாசமுத்திரத்துச் சாட்சி

அப்பா 2017 மார்ச்சில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், குடும்ப அட்டையும் வீட்டுவரி ரசீதுகளும் வைக்கும் பழைய கோப்புக்குள் ஒரு நீள உறை கிடைத்தது. உள்ளே மூன்று வெள்ளைத்தாள்கள் இருந்தன. முத்திரைத்தாள் இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையும் இல்லை. 2009-ஆம் ஆண்டுத் தேதியிட்டு, தன் கையாலேயே நீல மையில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டு அப்பா எழுதிவைத்த உயில் அது. மயிலாப்பூர் வீட்டின் கீழ்த்தளம் எனக்கு, மேல்தளம் தம்பிக்கு. வங்கி வைப்புத்தொகையின் வட்டி பாட்டிக்கு அவர் ஆயுள் உள்ளவரை. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவுக்கு ஐம்பதாயிரம் ரூபாய். மீதி எதுவாயினும் பிள்ளைகள் இருவருக்கும் சமமாக. கடைசித் தாளில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருந்தது. இந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தன்னோடு ரயில்வேயில் பணியாற்றிய நண்பர் ஒருவரிடம் அப்பா ஒப்படைத்திருந்தார்.

அந்த நண்பர் அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே போய்விட்டார். அவருடைய இறுதிச் சடங்குக்குச் சென்று வந்த அப்பா, உயிலில் அவர் பெயரை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ, நினைத்தும் மனம் வரவில்லையோ, நாங்கள் அறியோம். உயில் இருக்கிறது, வாரிசுகளுக்குள் சண்டை இல்லை, வீடு அப்பாவின் சுய சம்பாத்தியம். எனவே ஓரிரு மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நான் எண்ணினேன். முடிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதை எழுதிவைப்பது இதே வாசலில் நிற்கப்போகும் யாருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் போனது அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு இருந்த வங்கிக்கு. கணக்கிலும் வைப்புத்தொகையிலும் நாமினியாக இருந்தவர் அம்மா. அம்மா 2011-இலேயே மறைந்துவிட்டார். நாமினி உயிரோடு இருந்திருந்தாலும் அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவரே அன்றி, நாமினி என்ற ஒரே காரணத்தால் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆயுள் காப்பீட்டுப் பணம் குறித்து உச்ச நீதிமன்றம் 1983-இலேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது; காப்பீட்டுச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நாமினியாக இருக்கும் நேர்வுகளில் நிலைமை மாறியது; நிறுவனப் பங்குகள் குறித்து 2023 டிசம்பரில் வந்த தீர்ப்பும் நாமினி வேறு, வாரிசு வேறு என்றே சொல்லிற்று. வீட்டுக்கு வீடு இந்தக் குழப்பம் இருக்கிறது. ‘நாமினி போட்டாயிற்று, இனி உயில் எதற்கு’ என்று பெரியவர்கள் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது கவலை வருகிறது.

வங்கியில் ஒருவர் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்றார். உயில் இருப்பதைச் சொன்னதும் மூன்றாமவர் புரோபேட் வாங்கிவரச் சொன்னார். மூன்றும் வெவ்வேறு தாள்கள் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வாரிசுச் சான்றிதழ் என்பது வட்டாட்சியர் தருவது. இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசுகள் என்று விசாரித்துச் சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு என்று அது தீர்மானிப்பதில்லை. சக்சஷன் சர்டிபிகேட் என்று வழக்கறிஞர்கள் சொல்லும் வாரிசுரிமைச் சான்றிதழை நீதிமன்றம் தருகிறது. அது இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களையும் பங்கு, பத்திரம் போன்றவற்றையும் வசூலிக்கும் அதிகாரம் மட்டுமே, அதைக் கொண்டு வீட்டைத் தொட முடியாது. உயிலில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் உயிரோடு இருந்து, அவரே நீதிமன்றத்துக்குச் சென்று உயிலை மெய்ப்பித்துப் பெறுவது புரோபேட். உயில் இல்லாதபோதும், உயில் இருந்து அதை நிறைவேற்ற ஆள் இல்லாதபோதும் நீதிமன்றம் ஒருவரை நியமித்துத் தருவது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்னும் நிர்வாக உரிமை ஆவணம். எங்களுக்குத் தேவைப்பட்டது இந்தக் கடைசித் தாள். அதிலும் உயிலை இணைத்துத் தரப்படும் வகை.

அந்த நாட்களில் அன்போடு எங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை ஒன்று உண்டு. அப்பாவின் ஏடிஎம் அட்டையும் அதன் ரகசிய எண்ணும் என்னிடம் இருந்தன. வங்கிக்குத் தெரிவிப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடு, ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்றார்கள். மருத்துவமனைப் பாக்கி நின்றுகொண்டிருந்த நேரம் அது. மறுப்பது எளிதாக இல்லை. ஆயினும் அப்பா இறந்த கணத்தோடு அந்த எண்ணைப் பயன்படுத்தும் அனுமதியும் போய்விட்டது என்றே எனக்குப் பட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 303-ஆம் பிரிவைப் பின்னால் படித்தபோது அந்தத் தயக்கம் வீண் அல்ல என்று தெரிந்தது. உரிய அதிகாரம் இன்றி இறந்தவரின் சொத்தில் கைவைப்பவரைத் தன் தவற்றால் தானே நிறைவேற்றுநர் ஆகிக்கொண்டவராக அந்தப் பிரிவு கருதுகிறது. எடுத்ததற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அதே பிரிவு, சொத்தைப் பாதுகாப்பதற்காகவோ, இறுதிச் சடங்குக்காகவோ, குடும்பத்தின் உடனடித் தேவைக்காகவோ ஒருவர் செய்வது குற்றமாகாது என்றும் சொல்கிறது. சாவு வீட்டின் நிலைமையை அறிந்த யாரோ எழுதிய வரி அது என்று நினைத்துக்கொண்டேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோதுதான் பாட்டியின் பேச்சு வந்தது. அப்பாவின் தாய், அப்போது அவருக்கு 88 வயது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவனைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளுக்குச் சமமான பங்கு அவருக்கும் உண்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சிலர் மறந்ததுபோல் இருந்துவிடுகிறார்கள். ‘வயதானவர்கள் பெயரைச் சேர்த்தால் பிறகு அவர்களுக்கும் வாரிசு பார்க்க வேண்டிவரும், மகன், மகள் இருவர் மட்டும் என்று எழுதுங்கள்’ என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் செய்திருந்தால் பிற்பாடு நீதிமன்றத்தில் பொய்ச் சான்றிதழோடு நின்றிருப்பேன் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெற்ற மகனைப் பறிகொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவரை, அவனுக்கு யாரும் அல்ல என்று ஒரு தாளில் எழுத என்னால் ஆகவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் வருவாய் ஆய்வாளரின் விசாரணையும் முடிந்து சான்றிதழ் வந்தபோது மூன்று பெயர்கள் இருந்தன. பாட்டி அதைக் கையில் வாங்கி, எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “என் பிள்ளைக்கு நான் வாரிசாடி?” என்று கேட்டார். அதற்கு மேல் அன்று அவர் பேசவில்லை.

வழக்கறிஞரைச் சந்தித்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, உயில் தெளிவாக இருக்கும்போது நீதிமன்றம் எதற்கு என்பதுதான். அவர் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை விளக்கினார். உயிலின் பயனாளியாகவோ நிறைவேற்றுநராகவோ எந்த நீதிமன்றத்திலும் உரிமையை நிலைநாட்ட வேண்டுமானால், அந்த உயில் முன்பே புரோபேட்டோ நிர்வாக உரிமை ஆவணமோ பெற்றிருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. ஆனால் எல்லோருக்கும் அல்ல. இந்துக்களைப் பொறுத்தவரை, சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் நேரடி உரிமையியல் அதிகார எல்லைக்குள்ளும், பழைய வங்காள மாகாணப் பகுதியிலும் எழுதப்பட்ட உயில்களுக்கும், அந்த எல்லைகளுக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய உயில்களுக்கும் மட்டுமே அது பொருந்தியது. அதாவது மதுரையில் உட்கார்ந்து மதுரை வீட்டைப் பற்றி ஒருவர் எழுதும் உயிலுக்கு இது தேவையில்லை. மயிலாப்பூரில் எழுதிய என் அப்பாவின் உயிலுக்குத் தேவை. முஸ்லிம்களுக்கு இந்தப் பிரிவு எப்போதும் பொருந்தியதில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்குக் கிடைத்தது.

இந்த வேறுபாட்டின் வேர் பழையது. மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் அமைந்த மேயர் நீதிமன்றங்களுக்கு 1726-ஆம் ஆண்டின் அரச சாசனம் உயில்களை மெய்ப்பிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. பிறகு 1870-இல் வந்த இந்து உயில்கள் சட்டம் மதராஸ், பம்பாய் நகரங்களிலும் வங்காளத்திலும் இந்துக்கள் எழுதிய உயில்களையும் அந்த நடைமுறைக்குள் கொண்டுவந்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘1870 செப்டம்பர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ எழுதப்பட்ட’ என்ற சொற்கள் இன்னும் இருப்பதன் காரணம் அதுதான். கம்பெனிக் காலத்தில் வரையப்பட்ட ஒரு கோட்டுக்கு உள்பக்கமாக எங்கள் வீடு இருந்தது என்பதால் நான் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. ஊருக்கு ஒரு நீதி என்பது போனதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால், ‘இனி உயிலுக்குக் கோர்ட்டே வேண்டாம்’ என்று சிலர் பேசிக்கொள்வது சரியல்ல என்றே எண்ணுகிறேன். உயிலை யாராவது மறுத்தால் அதை மெய்ப்பித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் நேர்வைப் போல நிறைவேற்றுநர் இல்லாமல் போய்விட்டால், இறந்தவரின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தை யாரேனும் ஒருவருக்கு ஒரு நீதிமன்றம்தான் தர வேண்டியிருக்கும்.

அதிகாரம் கேட்க எனக்கு என்ன தகுதி என்பதற்கு 232-ஆம் பிரிவில் விடை இருந்தது. நிறைவேற்றுநர் உயில் எழுதியவருக்கு முன்பே இறந்துவிட்டால், மீதிச் சொத்தைப் பெறுபவர் உயிலை மெய்ப்பித்து நிர்வாக உரிமையைக் கோரலாம். அப்பா பழக்கத்தில் எழுதியது போல் தோன்றிய ‘மீதி எதுவாயினும்’ என்ற சொற்கள்தாம் என்னை மனுதாரர் ஆக்கின. தம்பி சிங்கப்பூரில் இருந்ததால் மனு என் பெயரில் தயாரானது.

அதன் பிறகுதான் பெரிய தடை கண்ணில் பட்டது. உயில் செல்ல வேண்டுமானால் குறைந்தது இரண்டு சாட்சிகள் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது 63-ஆம் பிரிவு. உயில் எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தானும் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கொண்டுதான் உயிலை மெய்ப்பிக்க முடியும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு. பதிவு செய்யப்பட்ட உயிலுக்கும் இதே விதிதான். எங்கள் உயிலின் முதல் சாட்சி அப்பாவின் அலுவலக நண்பர். அவர் காலமாகி ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் சாட்சியின் பெயருக்குக் கீழே எங்கள் தெருமுனை மருந்துக்கடையின் முகவரி இருந்தது. அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை.

மருந்துக்கடைக்காரரை எனக்கு நினைவிருந்தது; சின்ன வயதில் இருமல் மருந்து வாங்கப் போனால் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்துத் தருவார். எந்த ஊர்க்காரர், எப்போது போனார் என்பதெல்லாம் தெரியாது. குளக்கரைப் பக்கத்துப் பழைய கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். பூக்கடைக்காரம்மா, ‘தென்காசிப் பக்கம்’ என்றார். அவருக்கு மாத்திரை மொத்தமாகக் கொடுத்துவந்த ஒருவர், ‘இல்லை, அம்பாசமுத்திரம், தம்பி மகனோடு கடை வைத்திருக்கிறார்’ என்றார். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் போனேன். உயிலின் நகல் கைப்பையில் இருந்தது. இவர் இல்லை என்றாலோ, இருந்தும் நினைவில்லை என்று சொல்லிவிட்டாலோ, அப்பாவின் கையெழுத்தையும் சாட்சிகளின் கையெழுத்தையும் அடையாளம் காட்டும் வேறு ஆட்களைத் தேடி அலைய வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தது வழியெல்லாம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அப்பா கடைக்கு வந்து, ஒரு பத்து நிமிடம் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வருகிறேன் என்றதற்கு, வேண்டாம், அடைத்துவிட்டு வாருங்கள், இது அவசரப்பட்டுச் செய்யும் காரியம் இல்லை என்றாராம். வீட்டில் நண்பர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இருவரும் பார்க்க, மூன்று தாளிலும் அப்பா கையெழுத்திட்டார். “உள்ள என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிக்க வேண்டாம், நான் சுயபுத்தியோட கையெழுத்துப் போடுறேன்னு மட்டும் பாத்துக்குங்க அப்படின்னு சார் சொன்னாங்கம்மா.” அவர் கையெழுத்திட்டதும் அம்மா காபி கொடுத்திருக்கிறார். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மாலையை அந்த மனிதர் எனக்கு முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். அதில் அப்பாவும் இருந்தார், அம்மாவும் இருந்தார். சட்டம் கேட்ட ஒவ்வொன்றும் அவர் சொன்னதில் அடங்கியிருந்தது என்பது சென்னை திரும்பிய பிறகே எனக்கு உறைத்தது.

உயில் வழக்குகளில் 1959-ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு; வெங்கடாசல ஐயங்கார் வழக்கு என்பார்கள். உயிலை மற்ற ஆவணங்களிலிருந்து பிரிப்பது எது என்பதை அது சொல்கிறது. உயில் நீதிமன்றத்துக்கு வரும்போது அதை எழுதியவர் உலகில் இல்லை. இது தன் உயில்தானா, தான் இட்ட கையெழுத்துதானா என்று வந்து சொல்ல அவரால் முடியாது. எனவே உயிலைக் கொண்டுவருபவர்தான் ஐயங்களை எல்லாம் நீக்க வேண்டும்; அந்த உயிலால் பெரும் ஆதாயம் பெறுபவரே அதை எழுதவைப்பதிலும் முன்நின்றார் என்றால் நீதிமன்றம் இன்னும் கவனமாகப் பார்க்கும். இதைப் படித்த பிறகு, நீதிமன்றத்தின் ஒவ்வொரு கேள்வியிலும் எனக்கு இருந்த எரிச்சல் அடங்கிவிட்டது. அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டதாக அதுவரை நினைத்திருந்தேன். அப்பாவின் இடத்தில் நின்று, அவர் கேட்கக்கூடிய கேள்விகளைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2017 ஆகஸ்டில் மனு தாக்கலானது. மூல உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்துகளும் அவற்றின் மதிப்பும் அடங்கிய பட்டியல், கழிக்க வேண்டிய கடன்களின் பட்டியல், சாட்சியின் பிரமாணப் பத்திரம் எல்லாம் சேர்ந்தன. நீதிமன்றக் கட்டணம் சொத்து மதிப்பைப் பொறுத்தது என்பதால் மதிப்பைக் குறைத்துக் காட்டும் ஆசை பலருக்கு வருமாம். அதைச் செய்யவே கூடாது என்பேன். மனுவின் முதல் பக்கத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரும், எதிர்மனுதாரர்கள் என்ற இடத்தில் பாட்டியின் பெயரும் தம்பியின் பெயரும் இருந்தன. மற்ற வாரிசுகளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடுதான் அது. ஆனால் ஒப்புதல் பத்திரத்தில் பாட்டியின் கைரேகை வாங்கும்போது அதைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. “உனக்கு எதிரியா நான்?” என்றார். இது வெறும் கோர்ட்டு வார்த்தை, உங்களைக் கேட்காமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று சட்டம் எங்களைக் கட்டிப்போடுகிறது என்று விளக்கினேன். கட்டைவிரலை மையில் வைப்பதற்கு முன்பு, “வட்டி எனக்கு வேண்டாம், அவன் எழுதினதை மட்டும் மாத்தாதீங்க” என்றார். தம்பி சிங்கப்பூரில் உள்ள இந்திய உயர் தூதரகத்தில் தன் ஒப்புதலைச் சான்றுறுதி செய்து அனுப்பினான்.

பிறகு பத்திரிகை அறிவிப்பு. இன்னார் காலமானார், அவருடைய உயிலின்படி நிர்வாக உரிமை கோரி இன்னார் மனுச் செய்திருக்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் குறிப்பிட்ட நாளில் வந்து தெரிவிக்கலாம் என்று நாளிதழில் வெளியிட வேண்டும். வெளியான காலையிலிருந்து மாலைவரை தொலைபேசி ஓயவில்லை. வீட்டுக்குள் பேசித் தீர்க்காமல் கோர்ட்டுப் படி ஏறிவிட்டீர்களே, அக்கா தம்பிக்குள் அப்படி என்ன தகராறு என்று சித்தப்பாக்களும் அத்தைகளும் கேட்டார்கள். தகராறு இல்லை என்பதை நீதிமன்றத்தின் முன் சொல்வதற்குத்தான் இந்தப் படி ஏறுகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். யாராவது கேவியட் போட்டு எதிர்த்திருந்தால் இந்த மனுவே ஒரு வழக்காக மாறி, டெஸ்டமென்டரி சூட் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கும். நல்லவேளையாக யாரும் போடவில்லை.

சாட்சி சொல்வதற்காக அந்தப் பெரியவர் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தார். 1892-இல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில், தும்பைப்பூ வேட்டியும் சட்டையுமாக, உத்தியோகத்துக்கு நேர்காணல் வந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இது உங்கள் கையெழுத்தா, உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை நீங்கள் பார்த்தீர்களா, அப்போது அவர் நல்ல நினைவோடு இருந்தாரா, அவர் பார்க்க நீங்கள் கையெழுத்திட்டீர்களா. நான்குக்கும் ஆம் என்றார். பயணப்படி வாங்கிக்கொள்ளச் சொன்னபோது ரயில் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சொத்தை முறையாக நிர்வகிப்பேன் என்று ஒரு பத்திரமும் அதற்கு ஒரு பிணையாளியும் கேட்கப்பட்டது. அப்பாவின் நண்பருடைய மகன் கேட்ட உடனே வந்து கையெழுத்திட்டார். 2019 பிப்ரவரியில் ஆவணம் கைக்கு வந்தது. கெட்டித்தாள், உயர் நீதிமன்றத்தின் முத்திரை, உடன் உயிலின் நகல். மூல உயில் நீதிமன்றத்திலேயே பாதுகாக்கப்படும். அது இனி எங்கள் வீட்டுக்கு வராது.

அந்தத் தாள் கிடைத்த அன்று சொத்து கிடைத்துவிட்டதாக வாழ்த்தினார்கள். எனக்குக் கிடைத்தது பொறுப்பு. சொத்து அதற்கு வெகுதூரம் பிந்தியது. நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் நீதிமன்றத்தின் முன் அனுமதி இன்றி அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. ஆறு மாதத்துக்குள் சொத்து, வரவேண்டியவை, கொடுக்க வேண்டியவை அனைத்தின் முழுப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைக்கூட அவர் விருப்பத்துக்கு விடவில்லை. முதலில் இறந்தவரின் நிலைக்கு ஏற்ற இறுதிச் சடங்குச் செலவும், மரணத்துக்கு முந்தைய ஒரு மாதத்தின் மருத்துவச் செலவும். அடுத்து இந்த அதிகாரத்தைப் பெறுவதற்கு ஆன செலவு. அதற்கு அடுத்தபடியாக, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அவரிடம் வேலை செய்த தொழிலாளிக்கோ கைவினைஞருக்கோ வீட்டுப் பணியாளருக்கோ தரவேண்டிய கூலி. பிறகு மற்றக் கடன்கள். எல்லாம் தீர்ந்த பிறகே உயிலில் எழுதியபடி பங்கு.

322-ஆம் பிரிவில் உள்ள அந்தக் கூலியின் இடத்தைப் படித்தபோது வெட்கப்பட்டேன். அப்பா மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதமும் வேலைக்கார அக்கா வந்து பாட்டியைக் கவனித்துக்கொண்டார். அவருடைய சம்பளத்தை அப்பாதான் கொடுப்பது வழக்கம் என்பதால் எங்களில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை, அவரும் கேட்கவில்லை. உயிலில் அப்பா எழுதிய ஐம்பதாயிரத்தை நினைத்து, அவருக்கு நிறையக் கிடைக்கப்போகிறதே என்று நான் திருப்தியாக இருந்துவிட்டேன். அது அப்பாவின் அன்பளிப்பு. இது அவர் உழைத்த கூலி, அன்பளிப்புக்கு வெகு முன்னால் நிற்கும் கடன். கவரில் பணத்தை வைத்துக் கொடுத்தபோது, “ஐயா போன மாசத்துக்கெல்லாம் கூலி வாங்குவனா?” என்று கையை இழுத்துக்கொண்டார். நீங்கள் வாங்காவிட்டால் ஐயா கடன்காரராகவே கணக்கில் நிற்பார் என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு, ரசீதில் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். மூன்றெழுத்துப் பெயர், அதை அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அப்பா.

பட்டியல் எழுத நானும் விடுப்பில் வந்திருந்த தம்பியும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். வீடு, வைப்புத்தொகை, சேமிப்புக் கணக்கு ஆகியவற்றை எழுதுவது கால்மணி நேர வேலை. கைக்கடிகாரம், இரும்பு பீரோ, தையல் இயந்திரம், அம்மாவின் வீணை என்று வந்தபோது ‘மதிப்பு’ என்ற கட்டத்துக்கு முன்னால் பேனா நின்றது. வரவேண்டிய கடன் என்ற தலைப்பில், அப்பாவின் நாட்குறிப்பிலிருந்து ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த இருபதாயிரத்தை எழுதினோம். கொடுக்க வேண்டியது என்பதில் மளிகைக்கடை நோட்டில் இருந்த 3,400 ரூபாய். கடைக்காரர் அதை எப்போதோ அடித்துவிட்டதாகச் சொன்னார்; ரசீது கொடுத்தால்தான் நீதிமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல முடியும் என்று வற்புறுத்திக் கொடுத்தோம்.

பட்டா மாற்றம், மாநகராட்சியில் வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு எல்லாம் அந்த ஒரு தாளைக் காட்டியதும் ஒவ்வொன்றாக நடந்தன. அவற்றில் சொல்வதற்கு அதிகம் இல்லை. வைப்புத்தொகையின் வட்டி மாதந்தோறும் பாட்டியின் கணக்குக்குப் போகும்படி செய்தோம். முதல் மாதப் பணத்தில் அப்பாவின் பெயரில் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கச் சொன்னார்.

2020 ஜனவரியில் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். அன்று மாலை அம்பாசமுத்திரத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, எல்லாம் முடிந்தது என்று சொன்னேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, அந்த மூன்றாம் தாளின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். எந்த வேலைக்கு என்று கேட்கத் தோன்றாமல், மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பு எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து அந்தத் தாளை மட்டும் பிரித்து, மறுநாள் பதிவுத்தபாலில் அனுப்பினேன். அதில் மேலே அப்பாவின் கையெழுத்து, கீழே இடப்பக்கம் நண்பருடையது, வலப்பக்கம் அவருடையது. மூவரில் அந்தத் தாளை வாங்கிப் பார்க்க இருந்தவர் அவர் ஒருவரே.